தட்டுக்கு முந்தைய குரல்

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் நாலைந்து நொடி இரைச்சலைப் பற்றித்தான் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மலேசியாவில், ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ஒரு சீனக் கிழவரிடம் நாடகப் பாடகர் கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு ஒன்றை வாங்கினேன். ஓரம் சற்று உடைந்திருந்தது. நடுவிலிருந்த காகிதம் வெளுத்து, எழுத்துகள் பாதி போயிருந்தன. கிழவர் விரல் நகத்தால் விளிம்பில் சுண்டிக் காட்டினார், மண்சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குவார்களே, அப்படி. பிளவு இல்லை என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் அன்று மாலையே அதைப் போட்டோம். ஊசி தட்டைத் தொட்டதும் முதலில் வந்தது பாட்டல்ல, மழை. தகரக் கூரையில் தூரத்திலிருந்து ஓடி வருகிற மழை. தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஸ்டோர் பக்கம் பெய்யத் தொடங்கி, கடைசி லயத்தைத் தாண்டி, நம் தலைக்கு மேல் வருவதற்குள் கொடியிலிருக்கும் துணியை எடுத்துவிடலாம். அந்த மழைக்குள்ளிருந்து குரல் எழுந்தது. உச்சத்தில், இழையறாமல், தொண்டைக்கு எந்த வலியும் இல்லாததுபோல. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஒட்டிக்கொண்டே, யாரோ ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதுபோல ஓர் உறுத்தலும் வந்தது. யாரை நிறுத்தினேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933 டிசம்பரில் இறந்துபோன எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அப்போது வயது 27. மைக் இல்லாத மேடைகளின் குரல் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காசு கொடுத்து வந்தவன். அவன் காதுக்குப் போய்ச் சேராத பாட்டு பாட்டே ஆகாது. அதனால்தான் அந்தக் காலத்து நாடகக்காரர்கள் அத்தனை உயரத்தில் சுருதி பிடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு மேடைக்கு வருவார்கள். முகம் தெரியும் முன்பே குரல் தெரியும். கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினால் கதை அங்கேயே நிற்கும். ராஜாவோ வேடனோ திரும்பப் பாடியாக வேண்டும். அப்படி மணிக்கணக்கில் கூட்டத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய ஓர் இளைஞனை, 1920களின் இறுதியில், ஓசை புகாத ஓர் அறைக்குள் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். அதற்குள் எடுத்து, ஏறி, இறங்கி, முடிக்க வேண்டும். தப்பினால் ஒலியைப் பதிக்கும் மெழுகு வீண். எதிரே யாரும் கிடையாது. கைதட்டல் இல்லை, பீடி நெடி இல்லை, அழுகிற குழந்தை இல்லை. அந்தத் தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் அவர் எந்தத் திசையைப் பார்த்துப் பாடியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். கடைசி வரிசைக்காக வளர்த்த குரலைச் சுவருக்கு முன்னால் வைத்துப் பாடுகிறவனுடைய கண் எங்கே போகும்? சில இடங்களில் சங்கதி வேகவேகமாக விழுகிறது. நேரம் முடிகிறதே என்ற தவிப்பு அது என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தவிப்பைக் கேட்டபிறகு அது காதைவிட்டுப் போகவில்லை.

இதே தவிப்பை நான் இன்னொரு குரலிலும் கேட்டேன், தமிழே அறியாத ஒரு குரலில். ஹாங்க் வில்லியம்ஸ் அமெரிக்காவின் அலபாமாவில் 1923இல் பிறந்தவர். அங்கே சாலையோர மதுக்கடைகளில் பாடப்படும் ஒரு வகைப் பாட்டுக்கு ஹாங்கி டாங்க் என்று பெயர். வேலை முடிந்து வந்த கூலிக்காரர்கள் குடிப்பார்கள், ஆடுவார்கள், சண்டை போடுவார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகவே அங்கே கித்தாருக்கு மின்சாரம் வந்தது. பாட்டெல்லாம் கைவிட்டுப் போன மனைவியைப் பற்றி, கையில் தங்காத காசைப் பற்றி, ரயிலைப் பற்றி. ஹாங்க் தன் முதல் நான்கு பாடல்களைத் தட்டுக்காகப் பாடியது 1946 டிசம்பர் 11 அன்று, நாஷ்வில் நகர வானொலி நிலையம் ஒன்றின் அறையில். ஸ்டெர்லிங் என்ற சிறிய நிறுவனம் அவற்றை வெளியிட்டது. அன்று பின்பாட்டுப் பாடியவர்களில் ஒருவர் பின்னாளில் சொன்ன செய்தி ஒன்று உண்டு. ஒரு பக்திப் பாட்டில் ‘ஏழை’ என்ற பொருள் தரும் சொல் வருகிறது. ஹாங்க் அதைத் தன் ஊர்க்காட்டு வழக்கில் சொல்கிறார். பின்பாட்டுக்காரர்களோ திருத்தமாகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒட்டவில்லை. திரும்பத் திரும்பப் பாடியும் சரிவராமல், கடைசியில் மற்றவர்கள்தான் ஹாங்க் சொல்கிறபடி சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனையோ சொல் இருக்க, ‘ஏழை’ என்ற சொல்லில் போய்த் தடுக்கியது என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. ஏழ்மையை அவரவர் ஊர் உச்சரிப்பில்தான் சொல்ல முடியும்போலிருக்கிறது. அந்த ஆரம்பத் தட்டுகளில் ஹாங்கின் குரல் இன்னும் புகழைச் சந்திக்கவில்லை. மூக்கடைத்ததுபோல, கொஞ்சம் விறைத்து, எதிரில் இல்லாத கூட்டத்தைத் தேடிக்கொண்டு நிற்கிறது. ஆறே வருடம்தான். 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகிற வழியில், காரின் பின்னிருக்கையில் இறந்து கிடந்தார். வயது 29.

ஹாங்குக்கு ஒரு குரு இருந்தார். ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். ‘டீ டாட்’ என்று ஊர் அவரைக் கூப்பிட்டது. கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிக் காசு வாங்குவார். பின்னாலேயே அந்த வெள்ளைக்காரப் பையன் சுற்றுவான். தான் கற்ற சங்கீதம் முழுவதும் அவரிடமிருந்து வந்ததுதான் என்று புகழ் வந்தபிறகு ஹாங்கே சொல்லியிருக்கிறார். பெய்ன் 1939இல் இறந்தார். மாணவன் முதல் தட்டுக்குப் பாட இன்னும் ஏழு வருடம் இருந்தது. பெய்ன் பாடிய தட்டு ஒன்றுகூடக் கிடையாது. அவர் குரல் தடித்ததா மெலிந்ததா என்பதைக்கூட இனி யாரும் கேட்டுச் சொல்ல முடியாது. இதைத் தெரிந்துகொண்ட இரவு ஹாங்கின் அந்த நான்கு பாட்டுகளையும் மறுபடி போட்டேன். குரல் உடைந்து மேலே தாவுகிற இடங்களில் எல்லாம், இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மாணவனுடைய குரலுக்கு உள்ளே குருவின் குரல் இருக்கிறது என்று சொல்லிவிடுவது எளிது. ஆறுதலாகவும் இருக்கும். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. இன்னொருவர் குரலுக்குள் இருப்பதும் தன் குரலில் இருப்பதும் ஒன்றாகுமா? முதல் தட்டு என்று நாம் கொண்டாடுவது பாட்டின் தொடக்கத்தை அல்ல. நம் காது எட்டிய இடத்தை. அதற்கு முன்னால் பாடியவர்கள் எல்லாரும் அந்த நாலைந்து நொடி இரைச்சலுக்கு அப்பால் நிற்கிறார்கள். வாசலில் நிறுத்திவிட்டு வந்தது அவர்களைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுங்கை சிப்பூட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்தேன். யுத்தத்துக்கு முந்திய நாளில் எங்கள் தோட்டத்தில் பாட்டுப்பெட்டி ஒன்றே ஒன்று, தோட்டக் கணக்கரான கிராணி வீட்டில் இருந்ததாம். திருநாளில் திண்ணைக்குக் கொண்டுவந்து வைப்பார்களாம். லயத்து ஜனம் வேலிக்கு வெளியே நின்று கேட்கும். பெட்டிக்குள் ஆள் இல்லை என்று குழந்தைகளுக்குப் புரியவைக்கப் பெரியவர்களுக்கே தெரியாது என்று அப்பா சொல்வார். வேலிக்கு வெளியே நின்று கேட்ட பாட்டைச் சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடைக்கு எடுத்துப் போவார்கள். அங்கே கிட்டப்பா மாதிரி பாடுகிறவர் என்று ஒருத்தருக்குப் பேர் இருந்தது. பால்வெட்டுக்காரர். பாதிப் பாட்டுதான் அவருக்கு வரும். மீதியைத் தானே கட்டிக்கொள்வார். தெலுங்குச் சொல் வருகிற இடத்தில் தண்டலின் பெயரும் தொரையின் நாயின் பெயரும் வரும். தட்டில் கேட்டதை இப்படித் தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள் வேறு இடத்திலும் உண்டு. கென்யாவின் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் கிப்சிகிஸ் என்ற மக்கள் இருக்கிறார்கள். ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் தட்டுகளைக் கேட்டு, அந்த ஆளைப் பாதி மனிதன் பாதி மான் என்று கற்பித்து, செமிரோச்சா என்று தங்கள் வாய்க்கு வந்தபடி பெயர் வைத்து, அவன்மேல் பாட்டுக் கட்டினார்கள் அவர்கள். 1950இல் ஹியூ ட்ரேசி என்பவர் அங்கே போய் அவர்களின் பெண்பிள்ளைகள் அதைப் பாடுவதைப் பதிவு செய்தார். அதனால் இன்றைக்கும் உலகம் அதைக் கேட்கிறது. எங்கள் தோட்டத்துக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. தொரை வந்தார், டாக்டர் வந்தார், மலாயா அவசரகாலத்தில் ராணுவ லாரி வந்தது. ஒலிப்பதிவுப் பெட்டியோடு ஒருவரும் வரவில்லை.

கள்ளுக்கடையைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. அங்கே பாட்டு மட்டும் இருக்கவில்லை. மாதச் சம்பளத்தில் பாதி அங்கே கரைந்தது. வெளியே அரிசிக்குக் காசு கேட்டு நின்ற பெண்கள் வீட்டுக்குப் போய் அடி வாங்கினார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். அவர்கள் பக்கத்தில்தான் நியாயம் இருந்தது. அமெரிக்க மதுக்கடைப் பாட்டுகளும் குடியில் அழிந்தவர்களின் பாட்டுகள்தாம். ஹாங்க் அழிந்தார். கிட்டப்பாவின் உடம்பையும் குடிதான் கெடுத்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் குரல்களில் நான் கேட்டு நெகிழ்கிற நடுக்கம், யாரோ ஒருத்தி வீட்டில் பட்டினியாகக் காத்திருந்த ராத்திரியின் விலையா? பழைய பாட்டின் அழகைப் பேசுகிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். ஆண்களுக்காவது பாட ஓர் இடம் இருந்தது. பெண்கள் எங்கே பாடினார்கள்? தொட்டிலுக்குப் பக்கத்தில், நடவு போன்ற வேலை இல்லாத ரப்பர் காட்டில் நிரைக்கு நிரை கூப்பிட்டுக்கொள்ளும் குரலில், பிறகு சாவு வீட்டில்.

பால்மரத்தைச் சீவுகிற கத்தியைப் பற்றிச் சொன்னால்தான் மேலே போக முடியும். அம்மா விடிவதற்கு முன், பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய்விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவாள். நேற்றைக்கு முந்தின நாள் வெட்டிய கோட்டின்மேல் உறைந்து கிடக்கும் பாலை நூல்போல உரித்துக் கூடையில் போடுவாள். பிறகு இடது மேலிருந்து வலது கீழாக, சரிவாக, பட்டையில் ஒரு மெல்லிய சீவல். கத்தி ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் மிஞ்சி மரத்தைத் தொட்டுவிட்டாலோ காயம். அந்த இடம் புடைத்துக்கொண்டு, பின்னால் வளரும் பட்டையும் மேடும் பள்ளமுமாகக் கெட்டுவிடும். ஒரு மயிரிழைதான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி, தகட்டில் சொட்டி, மங்கில் விழும். மெழுகில் ஒலியை வெட்டுகிற ஊசிக்கும் இதே கணக்கு என்று படித்தபோது எனக்கு அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. ஆழம் குறைந்தால் குரல் மெலியும், கூடினால் பக்கத்துக் கோட்டைக் கிழிக்கும். தட்டைக் கண்டுபிடித்த பெர்லினர் 1890களில் வெளியிட்ட ஆரம்பகாலத் தட்டுகள் கெட்டி ரப்பரால் செய்யப்பட்டவை. அதற்குப் பிறகுதான் அரக்குக்கு மாறினார்கள். கோலகங்சாரில் 1870களில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் வேலிக்குள் நிற்கிறது. அதன் அடிமரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வெட்டின்மேலும் பட்டை வளர்ந்து மூடியிருக்கிறது. பால்மரத்தில் மூடிய பட்டையையே சில வருடம் கழித்து மறுபடி சீவுவார்கள். பழைய கோடு போய்விடும். எத்தனை கைகள் அங்கே என்ன பாட்டை முனகிக்கொண்டு வெட்டின என்பதை மரம் வைத்துக்கொள்வதில்லை.

பெண்குரல் என்று யோசிக்கும்போது கே. பி. சுந்தராம்பாளிடம்தான் போய் நிற்கிறேன். காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908இல் பிறந்த ஏழைக் குழந்தை, ரயிலில் பாடிக் காசு வாங்கியது. ஓடுகிற ரயிலில் சக்கரச் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய தொண்டை அது. அந்த ரயிலில்தான் நாடகக்காரர் ஒருவரின் கண்ணில் பட்டாள். நாடகக் குழுவில் சேர்ந்தாள். இலங்கை மேடைகளில் பெயர் வாங்கினாள். அங்கேதான் கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தாள். 1927இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். அதே வருடம்தான், கடலுக்கு அப்பால், ரயிலில் பிரேக்மேனாக இருந்த ஜிம்மி ரோட்ஜர்ஸ் தன் முதல் தட்டுக்குப் பாடினார். 1933 மே மாதம் ரோட்ஜர்ஸ் காசநோயில் இறந்தார், டிசம்பரில் கிட்டப்பா. ரயிலில் பாடிய சுந்தராம்பாள், ரயிலில் வேலை பார்த்த ரோட்ஜர்ஸ், ஒருவரை ஒருவர் அறியாத இருவரின் கதையும் ஒரே வருடத்தில் முறிகிறது. சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார், 1980இல் சாகும்வரை அதை மாற்றவில்லை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தவர், 1935இல் நந்தனாராகத் தானே ஆண்வேடம் போட்டு நடித்தார். அதற்காக ஒரு லட்சம் ரூபாய் பெற்றார் என்பதைத்தான் சினிமாக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். நான் நினைப்பது வேறு. ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் காத்திருக்கிற பண்ணையாளின் பாட்டை ஒரு விதவை பாடியிருக்கிறாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று சிதம்பரத்தைத் தள்ளித் தள்ளி வைத்த மனிதனின் கதை அது. அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடலாம் என்று நாற்பது வருடம் சொல்லிக்கொண்டே பேராக்கில் புதைந்தவர்களின் கதையும்தான். சுந்தராம்பாளின் துக்கத்துக்கு ஒரு நாள் இருந்தது, ஓர் உடல் இருந்தது, கட்டிக்கொள்ள வெள்ளைப் புடவை இருந்தது. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதை நான் எங்கள் லயத்தில் கண்டேன்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆயா இருந்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எங்கே சாவு விழுந்தாலும் அவரைக் கூட்டிப் போவார்கள். வாசலில் கால் வைக்கும்போதே குரலெடுப்பார். செத்தவருடைய ஊர், வெட்டிய நிரை, வளர்த்த ஆடு, கட்டாமல் விட்ட கடன் எல்லாம் பாட்டில் வரும். வாய்விட்டு அழ முடியாமல் கல்லாகிக் கிடந்த பெண்கள் அவர் குரலைக் கேட்டு உடைவார்கள். அவருடைய வீட்டுக்காரரை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பான்போங்கிலிருந்து தன்பியூசாயாட் வரை, 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை. ‘சயாம் மரண ரயில்’ என்று ஆர். சண்முகம் பின்னாளில் நாவலே எழுதினார். போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஆயாவின் வீட்டுக்காரர் திரும்பவில்லை. செத்ததைப் பார்த்தவரும் இல்லை. ஆயா கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டார், தாலியைக் கழற்றவில்லை. 1980களில், வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் வாங்கிய கேசட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நான் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சயாமுக்குப் போனவர்களைப் பற்றிய ஒப்பாரியைப் பாடச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வெக்கக்கூடாதுடா தம்பி. வெச்சா சாவு வந்துரும்” என்றார். யாருடைய சாவு என்று எனக்கு அன்று புரியவில்லை. ஊருக்கெல்லாம் பாடிய அந்த வாய் தன் புருஷனுக்காக ஒருநாளும் பாடியதில்லை. பாடினால் அவர் செத்துவிட்டார் என்று ஆகிவிடும். நாற்பது வருடமாக ஒரு மனிதரைப் பாடாமலே உயிரோடு வைத்திருந்தார்.

பதிவாகாத குரல்களுக்காக நாம் வருந்துவதில் ஒரு தவறு இருக்கிறதோ என்று அந்த நாளிலிருந்து எனக்குச் சந்தேகம். எல்லாப் பாட்டும் தட்டுக்கு வரவேண்டிய பாட்டுதானா? மேடைப்பாட்டு, மதுக்கடைப் பாட்டு, இவை கேட்பவர்களைத் தேடிப் போகிற பாட்டுகள். அதனால்தான் சுவரைப் பார்த்தும் பாடத் துணிந்தன. ஒப்பாரிக்கு எதிரே ஓர் உடல் வேண்டும். தாலாட்டுக்கு ஒரு குழந்தை வேண்டும். மூன்று நிமிடத்தில் பாடு என்றால் அவற்றால் முடியாது. முடியாததைக் குறை என்று சொல்ல நாம் யார்? தட்டில் ஏறியவர்களுக்குக் குரலோடு பெயரும் நின்றது. இந்தியாவில் 1902இல் முதல் வணிகத் தட்டுகள் கல்கத்தாவில் பதிவானபோது, கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் தட்டு அடிப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமல்லவா? பாடுகிறவர் பெயர் சொல்வதே வழக்கமாயிற்று. எங்கள் ஜனங்களின் பெயர் தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருந்தது, எண்ணோடு, வராத நாளின் குறியோடு. குரல் எதிலும் இல்லை. முத்தம்மாள் பழனிசாமி தோட்டத்து நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி எழுதிப் புத்தகமாக்கினார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் சொற்களும் போயிருக்கும். அவர் செய்தது பெரிய காரியம். இருந்தும் காகிதத்தில் ஓர் ஒப்பாரியைப் படிக்கும்போது, மூச்சு எங்கே வாங்கினார்கள், எந்தச் சொல்லில் குரல் உடைந்தது, ‘ஏழை’ என்பதை எப்படிச் சொன்னார்கள் என்று தேடுகிறேன். அது காகிதத்தில் இல்லை. பாடச் சொல்லி வற்புறுத்தியிருக்க வேண்டுமா? கூடாது. இன்றைக்கும் அதே பதில்தான் எனக்கு. ஆனால் பாடாவிட்டாலும் பேசச் சொல்லியிருக்கலாம். ஆட்டைக் கூப்பிடுவதை, பேரனைத் திட்டுவதை, தாயத்தில் ஏமாற்றியவளோடு சண்டை போடுவதை. பாட்டு மட்டும்தான் பதியத் தகுந்தது என்று நினைத்துக்கொண்டு போனதுதான் நான் செய்த பிழை.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள். லயங்களை இடித்தார்கள். ஜனங்கள் ஈப்போவுக்கும் அதன் புறநகர்த் தாமான்களுக்கும் போனார்கள், சிலர் பினாங்குக்கு, பலர் கோலாலம்பூருக்கு. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளிகளின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்து வாங்கினார். அப்படிக் காப்பாற்றப்பட்டவை உண்டு. எங்களுடையது அதில் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் பனைகளுக்கு நடுவே நிற்கிறது. வருடத்துக்கு ஒரு தரம் தீமிதிக்குப் போகிறோம். ஆயாவின் வீடு இருந்த இடத்தில் நின்றால் செம்பனை ஓலை உரசுகிற சத்தம் கேட்கிறது. அது ரப்பர்க் காட்டின் சத்தமில்லை. ரப்பர்க் காட்டில் வெயில் ஏறியதும் காய் வெடிக்கும், பட்டென்று, துப்பாக்கி மாதிரி. கொட்டை தூரப் போய் விழும். அதையும் ஒருவரும் பதிந்து வைத்ததாகத் தெரியவில்லை. அப்பா செத்தபிறகு வீட்டை ஒழிக்கும்போது அந்தக் கேசட் கிடைத்தது. மேலே என் கையெழுத்தில் ஆயாவின் பெயர். ரேடியோவில் போட்டேன், ஓடவில்லை. உள்ளே மோட்டாரிலிருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் மெல்லிய ரப்பர் பட்டை வெயிலிலும் புழுக்கத்திலும் இளகி, கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் விரலைவிட்டுப் போகாத அந்தக் கறையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மாவின் வேலைத் துணியில் இருந்த கறை. ஈப்போவில் ரேடியோ பழுது பார்க்கிற ஒரு தமிழர் சில வெள்ளிக்குப் புதுப் பட்டை போட்டுக் கொடுத்தார்.

இப்போது அது ஓடுகிறது. முதலில் இரைச்சல், மழைபோல. பிறகு ஒரு சேவல். அலுமினியச் சட்டி ஒன்று நகர்கிற சத்தம். பாட்டைக் கேட்கிற என் குரல், அடையாளம் தெரியாத அளவுக்கு இளையது. ஒப்பாரி வைக்கமாட்டேன் என்று ஆயா சொல்கிறார். ‘சாவு’ என்ற சொல்லைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொள்கிறார். வெற்றிலையைத் துப்புகிறார். பெட்டியின் பக்கமாகக் குனிந்திருக்க வேண்டும், குரல் பெரிதாகிறது: “இது நின்னுருச்சா, இன்னும் ஓடுதாடா?” மொத்தம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு மேல் நாடாவில் ஒன்றும் இல்லை.